அனாமத்துக் கணக்கு

கீழமாசி வீதிக் கடையில் என் மேசைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. காலை நீட்டினால் இடிக்கும். சித்திரை மாதத்தில் அதன் பின்பக்கத்து அனல் கணுக்காலில் அடிக்கும். 2012இல் பில்லிங் மென்பொருள் போட்டுக்கொடுத்த கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனது. கடையில் பில் போடும் நான்கு கணினிகளும் வயர் வழியாக அதோடுதான் பேசும். துவரம்பருப்பு எத்தனை மூட்டை வந்தது, உசிலம்பட்டிக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள்தான். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. "அதைத் தொட்டுறாதீங்க, அது லினக்ஸ்" என்று மட்டும் சொன்னார்கள். பாம்புப் புற்றைக் காட்டிச் சொல்கிற மாதிரி. விண்டோஸ் மாதிரி கணினியை ஓட்டும் இன்னோர் இயக்க முறைமைதான் லினக்ஸ் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆறே மாதத்தில் அந்தக் கம்பெனியின் போன் எடுப்பாரில்லாமல் போனது. ஒரு நாள் காலை பில் போகவில்லை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீதான பக்கத்துல உக்காந்திருக்க. என்னான்னு பாரு."

நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆன வரலாறு இவ்வளவுதான். சம்பளம் மாறவில்லை.

அன்றைக்கு ஒன்றும் பெரிய கோளாறில்லை, நெட்வொர்க் வயரை எலி கடித்திருந்தது. மளிகை மண்டியில் எலி இல்லாமலா? ஆனால் அந்தச் சாக்கில் பெட்டிக்கு ஒரு மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, 'லாகின்' என்று ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அந்த மாதிரி ஒரு ரகசியத்தை அந்த மாதிரி ஓர் இடத்தில் எழுதி வைத்தவர்கள் மேல் எனக்கு அப்போது நன்றிதான் வந்தது. கோபம் பின்னால்தான் வந்தது.

நான் பி.காம். டேலி தெரியும், எக்செல் தெரியும், அதற்குமேல் போனதில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அக்கா மகன். அவனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. அதில் விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் செய்தது. எனக்குத் தெரிந்த பையன்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவன் இவன் ஒருவன்தான். கடைப் பெட்டியில் இருந்தது உபுண்டு 12.04, அதுவும் டெபியன் வம்சம்தான். அங்கே பழகினால் இங்கே கை ஓடும். பெயருக்குப் பின்னால் வரும் எண் என்னவோ பெரிய சூத்திரம் என்று நினைத்தேன். 2012ஆம் வருடம், 4ஆம் மாதம் வெளியானது, அவ்வளவுதான். பருப்பு மூட்டையில் அச்சடிக்கும் பேக்கிங் தேதி மாதிரி.

அது மின்வெட்டுக் காலம். சென்னையைத் தாண்டினால் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. திருநகரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில், மடிக்கணினியில் பேட்டரி நிற்கும் வரை பாடம். பேட்டரி போனால் கதை.

முதல் பாடமே பிடபிள்யூடி. எனக்குப் பொதுப்பணித் துறைதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ இப்போது எந்த டைரக்டரியில், அதாவது கோப்புகளை வைக்கும் எந்த அறையில், நிற்கிறாய் என்று சொல்லும் கட்டளை அது. "பிடபிள்யூடி போட்டு நிக்கிற எடத்தப் பாக்காம அங்கிட்டு இங்கிட்டு நடக்காதீங்க சித்தி" என்பான். முழுப் பாதை, சார்புப் பாதை என்று இரண்டு உண்டு என்றான். எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் ஊர்க்கணக்கில் யோசித்துக்கொண்டேன். மதுரையில் வழி கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "பெரியார்ல எறங்கி, டவுன் ஹால் ரோட்டுல நேரா வாங்க" என்று சொன்னால், அதை எங்கே நின்று கேட்டாலும் வழி மாறாது. "இங்கிட்டு ரெண்டாவது சந்து, அங்கிட்டுத் திரும்புனா மூணாவது வீடு" என்றால், கேட்கிறவர் வேறெங்கோ நிற்கும்போது வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டுவார். ஒரு சாய்வுக்கோட்டில் தொடங்குகிற பாதை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து சொல்கிற வழி. அந்தச் சாய்வுக்கோடுதான் எல்லா டைரக்டரிக்கும் வேர். அழிக்கிற கட்டளையைக் கொடுக்கும்போது நான் இன்றைக்கும் பெரியாரிலிருந்துதான் வழி சொல்வேன்.

அடுத்து அவன் திறந்து காட்டியது எட்சி டைரக்டரியில் உள்ள பாஸ்வேர்டு கோப்பு. இந்த இயந்திரத்தில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்ற பட்டியல். ஒரு ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம், நடுவில் முக்காற்புள்ளி. பேரேட்டுப் பக்கத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கடையில் மொத்தமே பதினொரு பேர்! அதில் ஒருவர் பெயர் 'கேம்ஸ்', ஒருவர் பெயர் 'நியூஸ்'. யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள் என்று எனக்குப் பதற்றமே வந்துவிட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆளுக்கு ஓர் எண் உண்டு. டெபியன் வம்சத்தில் மனிதர்களுக்கு 1000த்திலிருந்து தொடங்கும். அதற்குக் கீழே இருப்பவை வேலைக்காரக் கணக்குகள். தரவுத்தளத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று. எண் பூஜ்யம் மட்டும் ரூட், எல்லாருக்கும் மேலான முதலாளிக் கணக்கு. பாஸ்வேர்டு கோப்பு என்று பெயரே தவிர, அதில் பாஸ்வேர்டு கிடையாது. அந்தக் கட்டத்தில் ஒரு 'எக்ஸ்' இருக்கும். உண்மையானது சாதாரண ஆட்கள் திறக்க முடியாத 'ஷேடோ' என்ற வேறொரு கோப்பில், உருமாற்றிய வடிவில் கிடக்கும்.

எதற்கு இதைக் 'கணக்கு' என்கிறார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நானே பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பெரிய கணினியைப் பல பேர் பகிர்ந்துகொண்ட காலத்தில், யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று நிஜமாகவே கணக்கு வைத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1961இல் ஓட்டிக் காட்டிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். போதவில்லை. 1962இல் அவர் அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிட வைத்து எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கணக்கில் வேலை பார்த்தார். ரேஷன் கார்டு இரவல் வாங்குகிற கதைதான்.

சரி, ரூட். எல்லாம் செய்யக்கூடியவர், தடுப்பார் யாருமில்லை. காலண்டர் அட்டைப் பாஸ்வேர்டு ரூட்டுடையதுதான். கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தியிருந்தார்கள். அக்கா மகன் முதல் வேலையாக எனக்கென்று தனியாக ஒரு கணக்கு திறக்கச் சொன்னான். எண் 1001 வந்தது. 1000 என்ற எண் கம்பெனிக்காரர்களில் ஒருவருடையது. இனி ரூட்டாக உள்ளே போகக்கூடாது, தேவைப்படும்போது மட்டும் கட்டளைக்கு முன்னால் 'சுடோ' போட்டு ரூட்டின் அதிகாரத்தை இரவல் வாங்க வேண்டும் என்றான். அண்ணாச்சியிடம் இதை விளக்கச் சிரமமே இல்லை. கல்லாச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். சில்லறை வேண்டுமென்றால் கேட்டு வாங்கித் திறந்து, எடுத்ததைச் சீட்டில் எழுதி, சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுடோவும் அதே வேலையைத்தான் செய்கிறது. எந்த ஆள், எத்தனை மணிக்கு, என்ன கட்டளைக்கு என்று 'ஆத்' பதிவுக் கோப்பில் ஒரு வரி விழும். ரூட்டாகவே உட்கார்ந்து வேலை பார்த்தால் யார் செய்தது என்பதற்கு ஒரு தடமும் இருக்காது.

எங்கள் கடையில் கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கணினி வந்த பிறகும் கடன் பாக்கியை நீள நோட்டில் தன் கையால் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு விதி. தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது, மேலே எழுதக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "அடிச்சா அடிச்சது தெரியணும்மா." நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளை மை பூசியதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எந்த அமைப்புக் கோப்பைத் திருத்தும் முன்னும் அதன் நகலைத் தேதி போட்டு வைப்பதும், செய்த மாற்றத்தை ஒரு நோட்டில் எழுதுவதும் எனக்கு லினக்ஸ் கற்றுக்கொடுத்த பழக்கமில்லை. அது அவர் போட்ட போடு.

அனுமதிகளைப் பற்றி நீட்டப் போவதில்லை. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு ஒரு கூட்டல், குழுவுக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. 640 என்றால் உரியவர் படிக்கலாம் எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவர் கிட்டே வரமுடியாது. இணையத்தில் தேடினால் எதற்கெடுத்தாலும் 777 போடு, சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரியாகத்தான் ஆகும். கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் யாரும் சாவி கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் என்னைப் பல நாள் குழப்பியது. எனக்கு எழுத அனுமதியில்லாத ஒரு கோப்பை என்னால் அழிக்க முடிந்தது. ஒரு வரி சேர்க்க முடியாது, ஆனால் மொத்தமாக ஒழிக்கலாம்! இதென்ன நியாயம்? விடை பேரேட்டில் கிடைத்தது. பேரேட்டின் முன்பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். இன்னார் பெயர், எதிரே பக்க எண். டைரக்டரி என்பது அந்த அட்டவணைதான். அதில் கோப்பின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். அந்த எண்ணுக்கு 'ஐநோடு' எண் என்று பெயர். உரிமையாளர் யார், அனுமதி என்ன, சரக்கு டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குரிய பக்கத்தில். 'ஆர்எம்' என்று அடித்தால் அட்டவணையில் அந்தப் பெயரைத்தான் அடிக்கிறோம். பக்கத்தைக் கிழிப்பதில்லை. அதனால் அட்டவணையில் எழுத அனுமதி இருந்தால் போதும். ஒரே பக்கத்துக்கு இரண்டு பெயர்கூட இருக்கலாம். எல்லாப் பெயரும் அடிக்கப்பட்ட பிறகுதான் அந்தப் பக்கம் காலியென்று கணக்காகும். இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதை நான் 2014 தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைதான் படித்தேன்.

அதற்கு முன்னால் மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து பெட்டி சடாரென்று அணைந்த நாட்கள் பல. ஒவ்வொரு முறையும் கணக்கெல்லாம் போச்சு என்று வயிற்றைக் கலக்கும். கரண்ட் வந்ததும் அது திரையில் நாலு வரி எழுதிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொள்ளும். காரணம் அதிலிருந்த இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு, ஒரு 'ஜர்னல்' வைத்திருக்கிறது. 2008இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு நிலையான வடிவில் வந்தது அந்த இஎக்ஸ்டி4. ஜர்னல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகம் கண் முன்னால் வந்தது. குறிப்பேடு! முதலில் குறிப்பேட்டில் பதி, அப்புறம் பேரேட்டில் எடுத்து எழுது. பாதியில் எழுந்து போனால் திரும்பி வந்து குறிப்பேட்டைப் பார்த்து மீதியை முடிக்கலாம். அச்சுப் பிசகாமல் அதே ஏற்பாடுதான். ஆனால் ஒன்று. வழக்கமான அமைப்பில் இந்தக் குறிப்பேட்டில் கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற நிர்வாக விவரங்கள்தான் ஏறும். கோப்புக்குள் எழுதிக்கொண்டிருந்த விஷயம் ஏறாது. அலமாரி ஒழுங்காக நிற்கும், உள்ளே ஒரு சீட்டு பாதி எழுதியபடி கிடக்கலாம். அதனால் பேட்டரி கால்வாசிக்கு வந்ததும் நானே பெட்டியை முறைப்படி அணைத்துவிடுவேன். அண்ணாச்சி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இனி அந்தச் சனிக்கிழமை.

தீபாவளி புதன்கிழமை. கீழமாசி வீதியில் லாரி நுழைய இடமில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கூட்டம், எங்கள் பக்கம் மளிகைக் கூட்டம். கடலைமாவும் சர்க்கரையும் எண்ணெய் டின்னும் மூட்டை மூட்டையாகப் போகிறது. காலை பதினொன்றரைக்கு நான்கு கணினியிலும் பில் நின்றது. அட்டையில் கைப்பில் போட ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் வெளியூர்க் கடைக்காரர்கள் ஆறேழு பேர். "என்ன மேடம், கம்ப்யூட்டருக்கும் தீபாவளி லீவா?"

டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் 'டிஎஃப் மைனஸ் ஹெச்' அடித்தேன். டிஸ்க் 100 சதவீதம். மொத்தம் 70 ஜிபி, செலவு 67, மீதி பூஜ்யம். வயிறு கலங்கினாலும் கண் ஒரு இடத்தில் நின்றது. எழுபதில் அறுபத்தேழு போனால் மூன்று எங்கே? கணக்கெழுதுகிறவளுக்கு இது அரிக்கும். பின்னால் தெரிந்தது, இஎக்ஸ்டி4 உருவாக்கும்போதே நூற்றுக்கு ஐந்து பங்கை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். எழுபதில் ஐந்து சதவீதம் மூன்றரை. மற்றவர்களுக்கு இடம் தீர்ந்தாலும் ரூட் உள்ளே வந்து வேலை பார்க்க வேண்டுமே. அவசரத்துக்கென்று அண்ணாச்சி கல்லாவின் அடித்தட்டில் வைத்திருக்கும் பணம். மைஎஸ்க்யூஎல் என்ற நம் தரவுத்தளம் ரூட்டாக ஓடுவதில்லை, அதற்கென்று இருக்கும் வேலைக்காரக் கணக்கில்தான் ஓடுகிறது. அதனால் அதற்கு மீதி பூஜ்யம்.

இடத்தை எது தின்றது என்று 'டியூ' போட்டேன். அது ஒவ்வொரு டைரக்டரியாக நடந்து போய் அங்கே கிடப்பதைக் கூட்டிச் சொல்லும். முதல் தடவை அவசரத்தில் சுடோ இல்லாமல் போட்டுவிட்டேன். எனக்குக் கதவு திறக்காத அறைகளை விட்டுவிட்டுக் கூட்டியது, தொகை குறைந்தது. மறுபடி சுடோவோடு போட்டதும் ஆள் அகப்பட்டான். தரவுத்தளத்தின் சொந்த டைரக்டரிக்குள் ஒரே ஒரு பதிவுக் கோப்பு, 39 ஜிபி. நிறுவியவர்கள் சோதனைக்காக, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியாக எழுதிவைக்கும் வசதியைத் திறந்துவிட்டு, மூடாமலே போயிருக்கிறார்கள். இரண்டு வருடமாக எங்கள் கடையில் யார் எந்தப் பருப்பின் விலையைத் தட்டிப் பார்த்தாலும் அதில் ஒரு வரி ஏறியிருக்கிறது. பழைய பதிவுகளைச் சுருட்டிக் கழிக்க லாக்ரொடேட் என்று ஒன்று தினமும் ஓடுகிறதே என்றால், அது பதிவுகளுக்கென்று உள்ள இடத்தை மட்டும்தான் பார்க்கும். இது வேறு அறையில் கிடந்தது.

கணக்கு சம்பந்தப்பட்ட கோப்பு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு ஆர்எம் அடித்தேன். போய்விட்டது. டிஎஃப் அடித்தேன். 67. மீதி பூஜ்யம்.

டியூ அடித்தேன். 28.

குடோனில் எண்ணினால் 28 மூட்டை, புத்தகத்தில் 67 மூட்டை. வித்தியாசம் 39. அழித்த கோப்பும் 39. கோவையில் ஹாஸ்டலில் இருந்த அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"டேய், 39 டேலி ஆகல."

"என்ன சித்தி, தீபாவளி அதுவுமா கணக்க எங்கிட்டக் கேக்குறீங்க?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாருங்க. யாராச்சும் புடிச்சுட்டு இருப்பாங்க."

எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. போட்டேன். மைஎஸ்க்யூஎல் வரிசையில் அந்தக் கோப்பின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'டெலீட்டட்' என்று. இதுதான் நான் சொன்ன இன்னொரு நிபந்தனை. அட்டவணையில் பெயரை அடித்தாயிற்று, ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருவர் விரலை வைத்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கையை எடுக்கும் வரை பக்கம் காலியாகாது. டியூ பெயர்களின் வழியாக நடப்பதால் அதன் கண்ணில் படாது. டிஎஃப் கோப்பு முறைமையின் மொத்தக் கணக்கைக் கேட்டுச் சொல்வதால் அதில் தெரியும்.

எனக்கு அந்த நெரிசலிலும் ஒரு சந்தோஷம் வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது, பிழை கிடைக்கும் வரை வித்தியாசத்தை ஒரு பெயரில்லாத தலைப்பில் நிறுத்தி வைப்போம். அனாமத்துக் கணக்கு. இது அதேதான். பெயர் இல்லை, ஆனால் தொகை இருக்கிறது. தொகை இருந்தால் எங்கோ ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது. பத்து வருடமாக நான் செய்துவந்த வேலையை இந்தப் பெட்டியும் செய்கிறது!

மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தித் தொடங்கினேன். டிஎஃப் 28க்கு இறங்கியது. பதினொன்றரைக்கு நின்ற பில் பன்னிரண்டு இருபதுக்கு ஓடியது. அண்ணாச்சி ஒரு பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தார். ஐயா மட்டும் கேட்டார், "என்னத்தம்மா அழிச்ச? எழுதி வச்சியா?" எழுதிவைத்தேன். அப்படி வளர்ந்து நிற்கும் பதிவை ஆர்எம் செய்யாமல், உள்ளடக்கத்தை மட்டும் பூஜ்யமாக்கியிருந்தால் இடம் அப்போதே திரும்பியிருக்கும் என்பதையும் அடுத்த வரியில் எழுதினேன்.

வெற்றி மிதப்பு என்று ஒன்று உண்டு. அந்த வாரமே அந்தப் பதிவு வசதியை மூடினேன். காலண்டர் அட்டையின் மேல் வெகுநாளாக இருந்த எரிச்சலில் பாஸ்வேர்டுகளை மாற்றினேன். ரூட்டுடையதையும் மாற்றினேன், தரவுத்தளத்தினுடையதையும் மாற்றினேன்.

இரவு பத்து மணிக்கு ஒரு நகலெடுப்பு ஓடும். நான் 2013இல் 'க்ரான்' என்ற நேரக்காப்பாளனிடம் ஒப்படைத்திருந்தது. க்ரானில் வரிக்கு ஐந்து கட்டம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. அதை முதன்முதலில் எழுதியபோது நிமிடக் கட்டத்தில் பூஜ்யம் போடாமல் நட்சத்திரக் குறி போட்டுவிட்டேன். பத்து மணியிலிருந்து பதினொன்று வரை நிமிடத்துக்கொரு நகல், மறுநாள் காலை அறுபது கோப்பு. அந்தப் பிழையைத் திருத்தியதோடு அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

டிசம்பர் கடைசியில் வருடக் கணக்குக்காக நகல்களின் பட்டியலை 'எல்எஸ் மைனஸ் எல்' போட்டுப் பார்த்தேன். கோப்பு ஒவ்வொரு நாளும் இருந்தது. தேதி சரி, நேரம் சரி. அளவுக் கட்டத்தில் 20, 20, 20, 20. எழுபதுக்கு மேற்பட்ட இரவுகள், ஒவ்வொன்றும் சரியாக இருபது பைட். தினம் ஒரே தொகைக்கு வியாபாரம் நடந்ததாக ஒரு புத்தகம் வந்தால் அதை எழுதியவரை எந்தக் கணக்கரும் நம்பமாட்டார்.

நடந்தது இது. நகலெடுக்கும் சிறு நிரலுக்குள் பழைய பாஸ்வேர்டு இருந்தது. நான் மாற்றியதும் தரவுத்தளம் அதை வெளியே தள்ளிவிட்டது. ஆனால் அந்த வரி இரண்டு வேலைகளை ஒரு குழாயில் கோத்திருந்தது: முதல் ஆள் தரவை எடுத்துத் தர வேண்டும், இரண்டாவது ஆள் ஜிஜிப், அதைச் சுருக்கி மூட்டை கட்ட வேண்டும். முதல் ஆள் வெறுங்கையோடு நின்றான். இரண்டாவது ஆள் வெறுமையையே ஒழுங்காகக் கட்டி முத்திரை வைத்தான். ஒன்றுமில்லாததை ஜிஜிப் மூட்டை கட்டினால் இருபது பைட் வரும். தலைப்பும் வாலும் மட்டும். குழாயில் கடைசி ஆள் வெற்றியென்று சொன்னால் மொத்தமும் வெற்றி என்றுதான் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் வழக்கமாக எடுத்துக்கொள்ளும். குழாயில் யார் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வைக்க 'பைப்ஃபெயில்' என்று ஒரு அமைப்பு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. பிழைச் செய்தியையாவது க்ரான் அனுப்பியிருக்க வேண்டும் இல்லையா? அனுப்பப் பார்த்திருக்கிறது. அந்தப் பெட்டியில் அஞ்சல் நிரல் நிறுவப்படவில்லை. அஞ்சல் நிரல் இல்லை, செய்தியைக் கைவிடுகிறேன் என்று ஒவ்வொரு இரவும் பத்து மணிக்கு மேல் சிஸ்லாக் என்ற பொதுப் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. என் காலடியிலேயே.

அந்த எழுபது நாளில் டிஸ்க் போயிருந்தால்? போகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. இதற்குக் காரணம் கம்பெனிக்காரர்கள் இல்லை, காலண்டர் அட்டை இல்லை, நான். ஒரு கணக்கின் எண்ணை மாற்றினால் அது எந்தெந்தப் புத்தகத்தில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் மாற்றும் கணக்கரை ஐயா என்ன சொல்லியிருப்பார்?

மாதம் ஒருமுறை வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவோம். நம் புத்தகத்தில் இருப்பதும் வங்கிப் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றா என்று. அதைப்போல மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் விட்டுப்போன அந்த அரசு மடிக்கணினியில் முந்தின இரவின் நகலை விரித்து, கடைசி நாள் விற்பனைத் தொகையைக் கூட்டி, கடைப் பில் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க ஆரம்பித்தேன். பைசா வரை. சுமார் இருபது நிமிட வேலை. நகல் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, நகலிலிருந்து கடையை மறுபடி எழுப்ப முடிகிறதா என்று பார்ப்பது வேறு. முதலாவதைக்கூட அந்த எழுபது நாள் நான் செய்யவில்லை.

2017 ஏப்ரலில் உபுண்டு 12.04க்கான ஐந்து வருட ஆதரவு முடிந்தது. ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அந்த மூன்று மாதத்தை நான் எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும், கெட்ட வார்த்தைகளோடு. புது மென்பொருள், புது இயந்திரம். பழைய கறுப்புப் பெட்டியை இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய பாக்கிகளைப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். ஐயா அதற்கு முந்தின வருடமே நின்றுவிட்டார், கண் தெரியவில்லை.

அவர் இடத்துக்கு ஒரு பையன் வந்தான். மேலூர்ப் பக்கம், பி.காம்., என்னை மாதிரியே டேலி தெரியும். பழைய பெட்டியில் அவனுக்கு ஒரு கணக்கு திறக்க உட்கார்ந்தேன். அக்கா மகன் அப்போது ஊருக்கு வந்திருந்தான், கடைக்கு வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பட்டியலில் அந்த 1000ஆம் எண் கணக்கைப் பார்த்துவிட்டு, "இவங்க போயி எத்தன வருசமாச்சு, இன்னுமா வச்சிருக்கீங்க? டெலீட் பண்ணுங்க சித்தி" என்றான்.

அழித்தால் என்ன ஆகும் என்று நான் ஏற்கெனவே அந்த மடிக்கணினியில் செய்து பார்த்திருந்தேன். ஆளை நீக்கினாலும் அவர் வீட்டு டைரக்டரிக்கு வெளியே உருவாக்கிய கோப்புகள் அங்கேயே கிடக்கும். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1000 என்ற எண் நிற்கும். பிறகு புதிதாக ஒருவரைச் சேர்த்தால், டெபியன் வம்சத்தின் 'ஆட்யூசர்' காலியாக இருக்கும் முதல் எண்ணைத் தேடி எடுக்கும். 1000 காலி. புது ஆளுக்கு 1000. அந்தக் கணமே போனவருடைய கோப்பெல்லாம் வந்தவருடையதாகிவிடும். யாரோ விட்டுப்போன பக்கத்தில் மேலூர்ப் பையன் பெயரை எழுதுகிற மாதிரி, அவர்கள் வரவு பாக்கி எல்லாம் இவன் தலையில்.

"அடிச்சா அடிச்சது தெரியணும்டா" என்றேன். கம்பெனிக்காரரின் கணக்கை அழிக்கவில்லை. பாஸ்வேர்டைப் பூட்டி, உள்ளே நுழைந்தாலும் ஷெல் கிடைக்காதபடி மாற்றி, நோட்டில் தேதியோடு எழுதினேன். அப்புறம் புதுப் பையனைச் சேர்த்தேன். எண் 1002 வந்தது. அவனையே கீபோர்டில் உட்காரவைத்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் திரும்பி நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.